பாலை மரத்தைச் சுற்றித் திரும்பிய பஸ்

முல்லைத்தீவிலிருந்து வந்த பஸ் சந்தியில் உறுமிக்கொண்டு நிற்கிறது. உள்ளே கால் வைக்க இடமில்லை. சாரதி மரியதாஸ் அண்ணை சேர்ட்டுக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டு, நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொள்கிறார். அவருக்கு முன்னால் மருதும் பாலையும் புளியும் வேம்புமாக ஒரு தோப்பு. தோப்பைச் சுற்றி வெள்ளைச் சுண்ணாம்பில் ஒரு கோடு. அந்தக் கோட்டை இழுத்தவன் நான். கையெல்லாம் சுண்ணாம்பு பட்டு எரிகிறது.

"வெளிக்கிடட்டோ?" என்று தலையை வெளியே நீட்டிக் கேட்கிறார்.

"வெளிக்கிடுங்கோ அண்ணை!" என்று நான் கத்தினது முரசுமோட்டை வரைக்கும் கேட்டிருக்கும்.

அந்த பஸ் கோட்டை விட்டு விலகாமல் தோப்பைச் சுற்றித் திரும்பிவிட்டால் மரங்கள் பிழைக்கும். திரும்பாவிட்டால் திங்கட்கிழமை புல்டோசர் வரும். இவ்வளவுதான் இந்த வாரக் கதை. ஆனால் இவ்வளவோடு விட்டுவிட எனக்கு வாய் இடம் கொடுக்காது. இத்தனை வாரமாக என்னோடு வருகிறவர்களுக்கு அது தெரிந்ததுதானே. பஸ் கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டு நிற்கட்டும்.

தாளில் இல்லாத தோப்பு

ஐம்பதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். குடியேற்றத் திட்டக் கந்தோர் ஒன்றில் நான் படம் கீறுகிற உத்தியோகத்தன். மீசை அரும்பி, அதை வளர்ப்பதா வழிப்பதா என்று முடிவெடுக்காத வயது. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதியில், கண்டாவளைப் பக்கமாக ஒரு சந்தியில் புதிய பட்டணம் அமைக்கப் போகிறோம் என்றார்கள். எந்தச் சந்தி என்று சொல்லமாட்டேன். சொன்னால் பக்கத்துச் சந்திக்காரர்கள் "அது எங்கட இடம்" என்று எழுதிப் போடுவார்கள். பத்திரிகை ஆசிரியருக்கு ஏன் வீண் கரைச்சல்?

ஒரு பட்டணத்தையே என் கையால் கீறப் போகிறேன் என்ற சந்தோஷப் புளுகத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். "பட்டணத்தைக் கீறுறது இருக்கட்டும், நேரத்துக்குச் சாப்பிடு" என்று பதில் வந்தது.

அந்தக் காலத்தில் காட்டை அளக்க ஒரு முறை இருந்தது. காட்டுக்குள் நேர்கோடாக வழி வெட்டிக்கொண்டு போவார்கள். அந்த வழியில் சங்கிலி பிடித்து அளந்து மேடு பள்ளம் குறிப்பார்கள். கொஞ்சம் தள்ளி இன்னொரு வழி. இரண்டு வழிகளுக்கும் நடுவில் யானை நின்றாலும் படத்தில் வராது. படத்தில் அந்த இடம் வெறும் வெள்ளை. வெள்ளைத் தாளில் எதையும் கீறலாம் அல்லவா? சந்தை, சங்கக் கடை, தபால் கந்தோர் எல்லாவற்றையும் அடிமட்டம் வைத்துக் கீறியிருந்தார்கள். நடுவில் பஸ் திரும்புவதற்கு ஒரு பெரிய சதுரம். அந்தச் சதுரத்துக்குள் ஒரு தோப்பும் அதன் காலடியில் ஒரு சின்னக் குளமும் இருப்பது தாளுக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். போன முதல் நாளே மத்தியானச் சோற்றுப் பொதியை அங்கேதான் அவிழ்த்தேன். பாலைப்பழக் காலம். தலைக்கு மேலே பழம், சோற்றிலும் பழம். தின்றால் பால் உதட்டில் ஒட்டி வாய் திறக்க மாட்டேன் என்கிறது. வெளியே வெயில் தகரத்தை உருக்குகிறது, உள்ளே மண் குளிர்ந்து கிடக்கிறது.

கொழும்பில் படம் கீறப் படித்தபோது, பங்களாக்கள் இருக்கிற தெருக்களில் நடப்பது என் பொழுதுபோக்கு. இருபக்கமும் மரங்கள் கைகோத்து நிற்கும். வெள்ளைக்காரன் தான் நடக்க நட்ட நிழல் அது. அந்தத் தோப்புக்குள் இருந்தபோது எனக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. அவன் நட்டு, காத்திருந்து பெற்ற நிழல் எங்களுக்கு நடாமலே கிடைத்திருக்கிறதே! மண்வெட்டி பிடிக்கிற சனத்துக்கு அப்படி ஒரு பட்டணம் இருந்தால் என்ன? கையைக்கூடக் கழுவாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

எங்கள் ஆட்களின் துப்புரவு

இதில் எங்கள் ஆட்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோபிக்காதீர்கள், நானும் யாழ்ப்பாணத்து மண்தான்.

வேலிக் கதிகால் ஒரு விரல் தள்ளி நட்டதற்காகக் கோடு ஏறி வழக்குப் பேசுகிற ஊரிலிருந்து வந்தவனுக்கு ஏக்கர் கணக்கில் காணி கொடுத்தால் என்ன செய்வான்? கோடரியைத் தூக்குவான். மரம் என்றால் அவனுக்கு மா, பலா, தென்னை, முருங்கை. மற்றதெல்லாம் வெறும் பத்தைக் காடு. குடியேறிய முதல் வருஷமே தறித்து, கொளுத்தி, வேரையும் கிண்டி எறிந்துவிட்டார்கள். ஒருவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் வளவைக் காட்டினார்.

"பாத்தீரே தம்பி, உள்ளங்கை மாதிரி வைச்சிருக்கிறன். ஒரு புல் பூண்டு நிக்குதே?"

நிற்கவில்லைத்தான். பிறகு சோளகக் காற்றுக் காலம் பிறந்தது. மறிக்க ஒரு கொப்பும் இல்லாத வெளியில் காற்று ஆடின ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். கூரைக் கிடுகு பக்கத்து வீட்டில் கிடக்கும். சோற்றுப் பானையில் பாதி மண். மத்தியானத்தில் வீட்டுக்குள் இருக்க முடியாமல் குடும்பம் குடும்பமாகச் சந்தித் தோப்புக்கு வந்து படுப்பார்கள். அந்த உள்ளங்கைக்காரரும் வருவார், அதே கோடரியைத் தலைக்கு வைத்துக்கொண்டு. நிழலின் அருமை வெயிலில்தானே தெரியும்.

மருதமரத்தடி மீன் கடை

தோப்பில் ஒரேயொரு நிரந்தரக் குடியிருப்பாளர் அன்னம்மாக்கா. முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர். கணவர் விடிய முன்னம் வலை வளைப்பார், இவர் ஓலைக் கடகத்தோடு முதல் பஸ் ஏறுவார். குளத்தோரத்துப் பெரிய மருதுக்குக் கீழே ஈரச் சாக்கை விரித்து, மீனைப் பரப்பி, மேலே நனைத்த இலைக்குழையைப் போட்டு மூடுவார். வயலுக்குப் போன சனம் மத்தியானம் வரும்வரைக்கும் மீன் கெடாமல் இருக்கும். ஐஸ் எல்லாம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத காலம்.

கந்தோர்ப் படத்தில் அவருக்குக் குறித்திருந்த இடம் சதுரத்தின் மேற்கு மூலை, திறந்த வெளி. நான் போய்ச் சொன்னேன்.

"அந்த வெயிலுக்க வைச்சால் பத்து மணிக்கு மீன் மணக்கும், பதினொரு மணிக்கு நான் மணப்பன்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "பகிடி இல்லைத் தம்பி. எங்கட கரையில வீட்டுக்கு வீடு மீன். அங்க ஆரிட்ட விக்கிறது? இந்தச் சனத்தைப் பழக்கிப் பிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்த நிழல் போச்செண்டால் நான் வரமாட்டன். என்ர பிள்ளையளின்ர படிப்பும் அதோட சரி."

அன்றைக்கே சங்கிலி பிடிக்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு போய் மரம் மரமாக அளந்தேன். வெள்ளைச் சதுரத்துக்குள் பச்சை மையால் ஒவ்வொன்றையும் வைத்தேன். மரங்களைச் சுற்றி பஸ் திரும்புகிற வளைவு, வளைவுக்கு வெளியே கடைகள், உள்ளே நிழலில் மீனும் மரக்கறியும், குளத்தில் கால் கழுவப் படிக்கட்டு. சதுரப் பட்டணம் என் கைக்குள்ளேயே வட்டமாகிவிட்டது. கந்தோர் மேசையில் தாளம் போட்டுக்கொண்டு கீறினேன். எழுதுவினைஞர் எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆர் சொன்னது?"

எங்கள் இஞ்சினியர் ஐயா நல்ல மனிதர். ஆனால் நேர்கோட்டில் பிறந்தவர். படத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"வடிவாய்த்தான் கீறியிருக்கிறீர். பஸ் எங்க திரும்பிறது?"

"மரங்களைச் சுத்தி, சேர்."

"திரும்பாது. பஸ் திரும்பாட்டில் சந்தை இல்லை, சந்தை இல்லாட்டில் பட்டணம் இல்லை."

"திரும்பும் சேர்!"

"ஆர் சொன்னது?"

வாய் முந்திவிட்டது. "மரியதாஸ் அண்ணை சொன்னவர், சேர்."

மரியதாஸ் அண்ணையிடம் நான் அதுவரைக்கும் நேரம் கேட்டதைத் தவிர வேறொன்றும் கேட்டதில்லை. இஞ்சினியர் ஐயா விடுவாரா? "அப்ப சனிக்கிழமை திருப்பிக் காட்டட்டும். வெறும் பஸ்ஸை ஆரும் திருப்புவான். நிறைஞ்ச சனத்தோட, பின்னுக்கு எடுக்காமல், ஒரே வளைவில வரவேணும். வராட்டில் திங்கள் மிசின் வரும்" என்றார்.

பின்னேர பஸ் வர, ஓடினேன். அந்த பஸ் எங்கள் சந்தியோடு திரும்பிப் போகிறது. அதுவரைக்கும் வீதியிலேயே முன்னும் பின்னும் ஆடி ஆடித்தான் திரும்பும். கொண்டக்டர் தகரத்தில் தட்டித் தட்டி வழி சொல்லுவார். விஷயத்தைச் சொன்னதும் மரியதாஸ் அண்ணை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உமக்கு விசரே தம்பி? மரத்தில கீறினால் என்ர வேலை போயிடும்."

ஊருக்குத் திரும்ப வெறும் கடகத்தோடு மிதிபலகையில் நின்ற அன்னம்மாக்கா இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். இருவரும் ஒரே கரை, ஒரே கோயில்.

"டேய் மரியதாஸ், உன்ர கொப்பர் வாடைக் காத்துக்க வள்ளத்தைத் திருப்பின மனிசன். உனக்கு உந்த நாலு சில்லைத் திருப்ப ஏலாதோ?"

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணையின் முகம் சிவந்தது. "சனிக்கிழமை கோட்டைப் போட்டு வையும்" என்றார் என்னிடம்.

முதற் சுற்று

இனி பஸ்ஸை விடலாம்.

சனிக்கிழமை அந்தச் சந்தியில் கூடின சனத்தைக் கோயில் திருவிழாவிலும் நான் கண்டதில்லை. ஏறச் சொன்னதுதான் தாமதம், ஒருவர் ஆட்டுக்குட்டியோடு ஏறினார். இஞ்சினியர் ஐயா சாரதிக்குப் பின்னால் நிமிர்ந்து இருந்தார். அன்னம்மாக்கா முன் ஆசனத்தில் செபமாலையோடு. நான் மட்டும் கீழே, பஸ்ஸோடு ஓடுவதற்கு.

படத்தில் நான் யோசித்து வைத்த வழி இது: மரங்கள் பஸ்ஸின் இடது பக்கமாக வர வேண்டும். கதவு இடது பக்கம்தானே, இறங்குகிற சனம் நேரே நிழலுக்குள் இறங்கும். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்ட இடம் அது.

பஸ் நகர்ந்தது. வேம்பைத் தாண்டியது. புளியைத் தாண்டியது. மருதின் வேரை உரசாமல் வளைந்தது. நான் "ஆ! ஆ! அப்பிடித்தான்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். ஒரேயொரு நெருக்கமான மூலை மிச்சம், அந்த முதிர்ந்த பாலை நிற்கிற மூலை.

"நிப்பாட்டு! நிப்பாட்டு!"

கொண்டக்டர் தகரத்தில் அடித்தார். வெளியே நின்ற வண்டில்காரர் ஒருவர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு முன்னால் பாய்ந்தார். பழைய வன்னி ஊரவர், பொன்னம்பலம் என்று பெயர்.

"பிள்ளையாற்ற குழைமேல ஏத்தாதை!"

பாலையின் அடியில் காய்ந்த குழை ஒரு மேடாகக் கிடந்தது. காட்டு வழியால் போகிற வன்னிச் சனம் ஒரு பச்சைக் கொப்பை முறித்து மரத்தடியில் வைத்துவிட்டுத்தான் போகும். யானையும் கரடியும் குறுக்கே வராமல் பிள்ளையார் பார்த்துக்கொள்வார். சிலை கிடையாது, விளக்கும் கிடையாது, குழை மட்டும்தான். பரம்பரை பரம்பரையாக வைத்த குழை இடுப்பளவுக்கு ஏறியிருந்தது. நான் அளந்தது அடிமரங்களை. குழை மேட்டை யாரோ கூட்டி ஒதுக்கின குப்பை என்று விட்டுவிட்டேன். யாழ்ப்பாணத்தான் கண்ணுக்கு அது குப்பைதான்.

பஸ்ஸின் முன் இடது சில்லு மேட்டின் விளிம்பில் நின்றது. மரியதாஸ் அண்ணை இயந்திரத்தை நிறுத்தினார்.

"என்ர சாமி இல்லையெண்டாலும் சாமிதானே. நான் ஏத்தமாட்டன்."

பின்னுக்குத்தான் எடுக்க வேண்டியிருந்தது. இஞ்சினியர் ஐயா இறங்கினார். "முடிஞ்சுது. திங்கள் மிசின் வரட்டும்" என்றார். குரலில் கோபமில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சனம் ஒவ்வொருவராக இறங்கத் தொடங்கியது. எனக்கு அழுகை வந்தது, சுண்ணாம்புக் கையால் கண்ணைத் துடைத்து அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

வலம்

அன்னம்மாக்கா இறங்கவில்லை. ஆசனத்தில் இருந்தபடியே உரத்துச் சொன்னார்.

"ஒருக்கால் பிழைச்சால் வலையைக் கரையில போட்டிட்டுப் போறதோ? திருப்பி வளைக்கிறதுதானே!"

"எத்தினை தரம் வளைச்சாலும் இப்பிடித்தான் வரும்" என்றார் பொன்னம்பலத்தார். அவருக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. "பிள்ளையாரை ஆரும் இடமாச் சுத்துவினமோ? எங்கட மாடே சுத்தாது!"

சிலர் சிரித்தார்கள். மரியதாஸ் அண்ணை சிரிக்கவில்லை. சுக்கானில் கையை வைத்தபடி தன் வலது பக்க யன்னலால் எட்டி, கீழே நிலத்தைப் பார்த்தார். பிறகு இடது பக்கம் பார்த்தார், அங்கே சனத்தின் தலைகள்தான் தெரிந்தன.

"அட, வலமாய் வந்தால் மரம் என்ர பக்கமெல்லே வரும்! என்ர கண்ணுக்கு நேர கீழ சில்லு தெரியும். இவ்வளவு நேரமும் குருட்டாட்டம் ஆடியிருக்கிறன்!"

இஞ்சினியர் ஐயா காரை நோக்கி நடந்தவர் நின்றார். திரும்பி வந்தார். என் படத்தை வாங்கி விரித்துப் பார்த்தவர் முகத்தில் முதல்தடவையாக ஒரு சிரிப்பைக் கண்டேன்.

"ஓய், றோட்டுச் சட்டமும் அதுதான். கொழும்பில சுத்துவட்டம் எல்லாம் வலமாய்த்தான் சுத்துது. பிள்ளையாரும் சரி, பொலிசும் சரி. நீர்தான் பிழையாக் கீறியிருக்கிறீர்." சனத்தைப் பார்த்துக் கையை வீசினார். "ஏறுங்கோ எல்லாரும். இன்னும் ஒரே ஒருக்கால்!"

அவர்கள் ஏறின வேகத்தில் ஆட்டுக்குட்டி என் கையில் மிஞ்சிவிட்டது. ஆட்டுக்குட்டியோடு ஓடினேன்.

பஸ் எதிர்ப்பக்கமாகப் புகுந்தது. இப்போது பாலை மூலை முதலில் வருகிறது. அண்ணை உடம்பில் பாதியை வெளியே விட்டுக்கொண்டு, சில்லையும் குழை மேட்டையும் மாறி மாறிப் பார்த்துச் சுக்கானை ஒடித்தார். பின் சில்லு மேட்டை அண்டி வந்தது. இன்னும் கிட்ட வந்தது. பொன்னம்பலத்தார் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஆட்டுக்குட்டியை நெரித்துவிட்டேன், அது கத்தியது. சில்லு மேட்டைத் தொடாமல் தாண்டியது!

தாழ்ந்த பாலைக் கொப்பொன்று பஸ் கூரையை வருடிக்கொண்டு போக, பழம் மழையாகக் கொட்டியது. யன்னலுக்குள்ளும் கொட்டியது. உள்ளே ஒரே கூச்சல். மருது, புளி, வேம்பு, பிறகு வீதி. பஸ் முல்லைத்தீவைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் ஆட்டுக்குட்டியை முத்தமிட்டேன். பொய் இல்லை.

இஞ்சினியர் ஐயா மடியில் விழுந்த பழங்களைத் தின்றுகொண்டு இறங்கினார். பால் உதட்டில் ஒட்டி, பேச்சு வரவில்லை. தலையைத்தான் ஆட்டினார். மேலும் கீழுமாக.

"ஐயா, கொஞ்சம் பொறுங்கோ" என்று அன்னம்மாக்கா மறித்தார். "இப்பிடிச் சுத்தினால் கதவு அங்கால் பக்கமெல்லே திறக்குது? இறங்கிற சனம் வெயிலுக்க இறங்குமே. அந்தப் பக்கமும் மரம் வையுங்கோ."

"வைச்சால் ஆர் தண்ணி ஊத்திறது?" என்றார் உதட்டைத் துடைத்துக்கொண்டு.

"நான் ஊத்துறன்."

ஊற்றினார். மீன் கழுவின தண்ணீர். வெளிவட்டத்தில் நட்ட வேம்புகள் அதைக் குடித்துக் குடித்துக் கிடுகிடுவென்று எழும்பின. முதல் வருஷம் அந்தப் பக்கம் இறங்கினவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் இறங்கினார்கள். அதற்கு என் படத்தில் வழி ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை

சந்தோஷத்தில் ஒரு காரியத்தை எல்லாரும் மறந்துவிட்டோம். புல்டோசர்க்காரருக்குச் சொல்லி அனுப்பவில்லை.

சனி பின்னேரம் என்றால் எங்கள் கந்தோர் முழுதும் யாழ்ப்பாணத்துக்கு வண்டி ஏறிவிடும். திங்கள் மத்தியானம் அம்மா கட்டிக் கொடுத்த பொதியோடுதான் திரும்பும். இஞ்சினியர் ஐயாவும் போய்விட்டார். நான் மட்டும் மிஞ்சி, புதிய படத்தை வலமாகத் திருப்பிக் கீறிக்கொண்டிருந்தேன். உள்வட்டம் பச்சை, வெளிவட்டம் பச்சை. திங்கள் காலை கடைசி வேம்புக்கு மை வைக்கையில் தூரத்தில் கடகடவென்று சத்தம் கேட்டது. இரும்புச் சங்கிலி வீதியில் உருளுகிற சத்தம்.

மை காயாத படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். செருப்பு ஒன்று கழன்று போயிற்று, நிற்கவில்லை. கந்தோரிலிருந்து சந்தி அவ்வளவு தூரம் என்று எனக்கு முன்னர் தெரியாது. ஓடும்போதே சத்தம் பெரிதாகி, பெரிதாகி, பிறகு திடீரென்று நின்றுவிட்டது. தோப்புக்குள் இறங்கிவிட்டது, முதல் மரம் போய்விட்டது என்று நினைத்தேன்.

தோப்பின் விளிம்பில் புல்டோசர் நின்றது. அலகு நிலத்தில் கிடந்தது. சாரதி ஆசனத்தில் ஆளில்லை.

உள்ளே மருதமரத்தடியில் புல்டோசர்க்காரர் தன் பெரிய உடம்போடு சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார். முன்னால் ஈரச் சாக்கு. அன்னம்மாக்கா ஒரு பாரை மீனின் செவுளைத் தூக்கி அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

நான் மூச்சு வாங்க, படத்தை அவர் முகத்துக்கு நேரே விரித்தேன். "அண்ணை, வெட்டாதையுங்கோ... இந்தா பாருங்கோ... இது புதுப் படம்..."

அவர் படத்தைப் பார்க்கவில்லை. மீனைத்தான் பார்த்தார்.

"அது இவா அப்பவே சொல்லிப்போட்டா. நீர் ஏன் வெயிலுக்க நிக்கிறீர்? உள்ள வாரும்."